கத்தரியும் பசையும் அஞ்சலட்டையும்

உங்கள் பெயரை முகவரியாகத் தாங்கிய கடிதம் ஒன்றை அஞ்சற்காரர் உங்கள் கையில் கொடுத்தது உண்டா? இவ்வினாவை நான் ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்களிடம் கேட்டேன். மூன்று கைகளே உயர்ந்தன. அவற்றுள்ளும் இரண்டு, தேர்வு பற்றிய அறிவிப்பைப் பெற்ற கைகள். மூன்றாவதாகக் கையுயர்த்திய மாணவி, “என் தாத்தா எழுதினார், ஐயா, இன்னும் வைத்திருக்கிறேன்” என்றாள். அவள் குரலில் பெருமிதம் இருந்தது. ஏனையோர் அனைவரும் அவளைத் திரும்பிப் பார்த்தனர். அப்பார்வையில் சற்றே பொறாமையும் கலந்திருந்தது.

அந்தப் பெருமிதத்தை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையேனும் அடைதல் வேண்டும் என்பது என் எண்ணம். அதனினும் மேலாக, முன்பின் அறியாத ஒருவர்க்கு அப்பெருமிதத்தை அளித்தல் வேண்டும் என்பதும் என் எண்ணம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கத்தரிக்கோல், சிறிது பசை, பழைய தாள்கள், ஓர் அஞ்சலட்டை ஆகியவை போதும். தாள்களை வெட்டி ஒட்டி அட்டையொன்றைத் தம் கையால் அணிசெய்து, முகமறியாத ஒருவர்க்கு அனுப்பி, அவ்வாறே மற்றொருவர் அனுப்புவதைப் பெற்று மகிழும் பழக்கம் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளது. அது நம் பள்ளிகளிலும் பரவுதல் நன்று.

முதலில் அட்டையின் வரலாற்றைச் சிறிது காண்போம். கடிதம் என்றால் உறையிலிட்டு ஒட்டப்படவேண்டும் என்றிருந்த காலத்தில், சிறு செய்திகளுக்குத் திறந்த அட்டையே போதும் என்று எடுத்துரைத்தவர் ஆஸ்திரிய நாட்டுப் பொருளியற் பேராசிரியர் இமானுவேல் எர்மன். அவர் கருத்தை ஏற்று, 1869 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், ஆஸ்திரிய-அங்கேரிய அரசு உலகின் முதல் அஞ்சலட்டையை வெளியிட்டது. மறு ஆண்டு இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது. இந்தியாவில் 1879 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் கால் அணா விலையில் அஞ்சலட்டை வந்தது. உறைக்கும் மடலுக்கும் செலவிட இயலாத ஏழை எளியவர்க்கும் செய்தி அனுப்பும் ஆற்றலை அந்தக் கால் அணா அட்டை கொடுத்தது. பிறப்பும் இறப்பும், திருமணமும் தேர்வு வெற்றியும் நம் நாட்டின் சிற்றூர்களுக்கு அதன் முதுகில் ஏறியே சென்றன. 2025 ஆம் ஆண்டிலும் அதன் விலை ஐம்பது காசாகவே இருந்தது.

ஓர் ஊரின் அட்டை வேறொரு நாட்டின் சிற்றூரைச் சென்றடைவது எப்படி? அதுவும் அறிதற்குரியதே. 1874 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9 ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அஞ்சலைப் பொறுத்தவரை உலகம் முழுவதையும் ஒரே நிலமாகக் கொள்வது என்பதே அதன் உயிர்க்கருத்து. அனுப்புவோர் தம் நாட்டின் அஞ்சல்தலையை ஒட்டினால் போதும். இடைப்பட்ட நாடுகள் அனைத்தும் அதனை மதித்துச் சுமந்து செல்லும். 1876 ஆம் ஆண்டு இந்தியா அவ்வமைப்பிற் சேர்ந்தது. பகைமை கொண்ட நாடுகளும் ஒன்றன் கடிதத்தை மற்றொன்று சுமக்கும் இவ்வேற்பாடு, மனிதகுலம் செய்துகொண்ட நல்ல உடன்பாடுகளுள் ஒன்று என்பேன். அந்நாளே இன்று உலக அஞ்சல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் அட்டை வெளிவந்த அக்டோபர் முதல் நாள் உலக அஞ்சலட்டை நாளாகவும் போற்றப்படுகிறது.

இனி, வெட்டி ஒட்டும் கலையைப் பற்றிச் சொல்வேன். மேலைநாட்டார் இதனைக் ‘கொலாஜ்’ என்பர். ஒட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். நாம் ஒட்டுச்சித்திரம் எனலாம். 1912 ஆம் ஆண்டு பிக்காசோவும் பிராக்கும் தம் ஓவியங்களில் அச்சிட்ட துணியையும் தாளையும் ஒட்டினர். அதன்பின் இஃது ஓவியருலகில் மதிப்புப் பெற்றது. எனினும், அவர்களுக்கு நெடுங்காலத்திற்கு முன்பே இக்கலையிற் சிறந்த மூதாட்டி ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் பெயர் மேரி டிலேனி. 1700 ஆம் ஆண்டு பிறந்த அவர், தம் எழுபத்திரண்டாம் வயதில், ஒரு மலரின் இதழும் அருகே கிடந்த சிவப்புத் தாளும் ஒரே நிறமாக இருக்கக் கண்டார். தாளை எடுத்தார், இதழ் இதழாக வெட்டினார், கரிய தாளின்மேல் ஒட்டினார். பார்த்தவர் அதனை உண்மையான மலர் என்றே மயங்கினர். கண்பார்வை மங்கும்வரை பத்தாண்டுகள் உழைத்து, ஆயிரத்திற்குச் சற்றே குறைவான தாள்மலர்களை அவர் படைத்தார். அவை இன்றும் இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுபத்திரண்டில் தொடங்கியவர்க்கே இத்துணை கைவந்ததெனின், பதினான்கு வயதினராகிய நீங்கள் “எனக்கு வரையத் தெரியாது” என்று ஒதுங்குதல் தகுமோ?

வரையத் தெரியாதவர்க்கும் இக்கலையில் இடமுண்டு என்பதே இதன் தனிச்சிறப்பு. இதற்குக் கைத்திறத்தினும் கண்திறமே முதலில் வேண்டும். செருமானிய நாட்டு ஆனோவர் நகரத்து ஓவியர் கூர்த்து சுவிட்டர்சு இதனை நன்குணர்ந்தவர். முதல் உலகப்போர் முடிந்தபோது அவர் நாட்டில் எங்கும் இடிபாடும் வறுமையும் நிறைந்திருந்தன. அவர் தெருவிற் கிடந்த டிராம் வண்டிச் சீட்டுகளையும், மிட்டாய் உறைகளையும், பயன்பட்ட அஞ்சல்தலைகளையும் பொறுக்கினார். உடைந்துபோன உலகத்தின் துண்டுகளைக் கொண்டே புதியதொன்றை ஆக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவற்றை ஒட்டி ஒட்டி அழகிய சித்திரங்களாக்கினார். அவ்வாறு ஒட்டிய அஞ்சலட்டைகளை நண்பர்க்கும் அனுப்பினார். 1937 ஆம் ஆண்டு இட்லரின் ஆட்சி அவர் படைப்புகளை இழிந்த கலை என்று பழித்துக் காட்சிக்கு வைத்தது. அவரோ நாடு துறந்து நார்வேக்கும், பின்னர் இங்கிலாந்துக்கும் சென்று, சென்றவிடமெல்லாம் தாள் பொறுக்கி ஒட்டுவதை விடவில்லை. பழித்த ஆட்சி மறைந்தது. குப்பையிலிருந்து அவர் எடுத்த சீட்டுகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நம்மைச் சுற்றியும் இத்தகைய செல்வம் நாள்தோறும் கொட்டிக் கிடக்கிறது. தினக் காலண்டரிலிருந்து கிழித்த தாள், மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகை, நகைக்கடையார் மடித்துக் கொடுக்கும் இளஞ்சிவப்புத் தாள், ஊதுவத்தி உறை, பேருந்துச் சீட்டு, சிவகாசியிலும் கோவிற்பட்டியிலும் ஆக்கப்படும் தீப்பெட்டிகளின் படங்கள் ஆகிய இவையெல்லாம் நமக்குக் குப்பை. தொலைநாட்டில் இருப்பவர்க்கோ இவை ஒவ்வொன்றும் ஒரு புதுமை. நம் ஊரின் மணத்தையும் நிறத்தையும் கடையில் விற்கும் அச்சிட்ட படத்தைக் காட்டிலும் இத்துண்டுகள் மெய்யாகச் சொல்லும்.

செய்முறை எளியதாயினும் சில நெறிகள் உண்டு. அட்டை ஏறத்தாழ 14 செண்டிமீட்டர் நீளமும் 9 செண்டிமீட்டர் அகலமும் உடையதாக இருத்தல் நலம். முதலில் துண்டுகளை ஒட்டாமலே பரப்பி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தல் வேண்டும். எதை ஒட்டுவது என்பதைக் காட்டிலும் எதை விடுவது என்பதே கடினம். அழகிய துண்டுகள் பத்து இருப்பினும், ஒன்றோடொன்று பேசும் மூன்று துண்டுகளே போதும். மெல்லிய தாளையே ஒட்டுக. பசையை ஓரம்வரை சீராகத் தடவுக. கனத்த நூலொன்றன் கீழே ஓரிரவு வைத்து அழுத்துக. அட்டை உறையின்றிச் செல்வது. பையிற் கிடந்து உராயும். முத்திரையின் அடியைத் தாங்கும். சில இடங்களில் இயந்திரத்தினுள்ளும் புகும். தூக்கி நிற்கும் ஓரம் வழியிலேயே கிழிந்துபோம். சோற்றுப் பசையும் மைதாப் பசையும் எளிதிற் கிடைப்பவை. ஆனால் அவற்றைப் பூச்சி அரிக்கும். ஆதலின் கடைப்பசை மேல். முகவரிப் பக்கத்தில் வலப்பாதியை முகவரிக்கும் அஞ்சல்தலைக்கும் மட்டுமே விட்டுவிடுக. உள்நாட்டு முகவரியாயின், 1972 ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ள ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண்ணை மறவாது எழுதுக. அஞ்சல்தலை எவ்வளவுக்கு ஒட்டவேண்டும் என்பதை அஞ்சலகத்தில் கேட்டறிக. விதையையும் இலையையும் பூவையும் அயல்நாட்டிற்கு அனுப்புதல் கூடாது. செடிநோய் பரவாதிருக்க நாடுகள் சட்டம் செய்துள்ளன.

“இவ்வளவும் செய்து, அறியாத ஒருவர்க்கா அனுப்புவது? நண்பர்க்கு அனுப்பலாகாதோ?” என்று கேட்பீர்கள். நண்பர்க்கும் அனுப்புக, யார் தடுப்பர்? ஆயினும், அறியாதவர்க்கு அனுப்புவதில் ஒரு தனிப் பயிற்சி இருக்கிறது. நண்பர்க்கு எழுதும்போது பாதி சொன்னாலே அவர் மீதியை உணர்ந்துகொள்வார். அறியாதவரோ நம் தெருவைக் கண்டதில்லை. நம் உணவை உண்டதில்லை. ‘பொங்கல்’ என்னும் சொல்லைக் கேட்டதில்லை. அவர்க்கு எழுதும்போது, நாம் நாளும் கண்டும் காணாமல் விட்டவற்றை நின்று நோக்க வேண்டியவராகிறோம். அவர் இருக்குமிடத்தில் நம்மை வைத்து எண்ணவேண்டியவராகிறோம். இவ்விரண்டினும் சிறந்த கல்வி வேறு யாது?

நம் நாட்டிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. திருநெல்வேலியில் வாழ்ந்த திறனாய்வாளர் தி.க.சிவசங்கரன் அவர்களைத் தமிழுலகம் தி.க.சி. என்று அன்போடு அழைத்தது. 1925 முதல் 2014 வரை வாழ்ந்த அப்பெரியார், புதிதாக எழுதத் தொடங்கிய இளைஞரின் கதையோ கவிதையோ இதழில் வந்தால், அவர் யார் எவர் என்று பாராது, ஓர் அஞ்சலட்டையில் பாராட்டு எழுதி அனுப்புவார். சிறு அட்டையின் சில வரிகள் எத்தனையோ இளைஞரை மேலும் எழுதத் தூண்டின. அவற்றைப் பெற்றவர் பலர் பொன்போற் போற்றி வைத்துள்ளனர்.

அமெரிக்க நாட்டு ஓவியர் இரே சான்சன், 1950களிலிருந்து தம் ஒட்டுச்சித்திரங்களை அறிந்தவர்க்கும் அறியாதவர்க்கும் அஞ்சலில் அனுப்பிவந்தார். பெறுபவர் தாமும் ஏதேனும் சேர்த்துத் திருப்பியனுப்ப வேண்டும் என்று அவற்றிற் குறிப்பார். காட்சிச்சாலையில் விலைக்கு வைப்பதை விட்டு, கை மாறிக் கை மாறிச் செல்லும் படைப்பை அவர் விரும்பினார். அஞ்சற்கலை என்று ஒரு துறையே அதனால் வளர்ந்தது. பின்னர் 2005 ஆம் ஆண்டு, பவுலோ மகல்யாயிஷ் என்னும் போர்ச்சுக்கல் நாட்டு இளைஞர் ‘போஸ்ட்கிராசிங்’ என்னும் அட்டைப் பரிமாற்றத்தைத் தொடங்கினார். அதன் விதி நயமானது. நாம் ஒருவர்க்கு அட்டை அனுப்புகிறோம். அது சேர்ந்த பின் நமக்கு அட்டை அனுப்புபவர் வேறொருவர். கொடுத்த இடத்திலேயே திரும்பப் பெறுவது கொடுக்கல் வாங்கல். ஓரிடத்திற் கொடுத்து, எங்கிருந்தோ பெறுவது உலகத்தின்மேல் வைத்த நம்பிக்கை. ஏழு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் அந்நம்பிக்கையில் உரியவரைச் சென்றடைந்துள்ளன.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பின்லாந்தின் ஒரு சிற்றூரில் வாழும் மூதாட்டி ஒருவர்க்கு அட்டை அனுப்பினேன். பள்ளி வாயிலில் நிற்கும் மரத்தின் மஞ்சட் பூவை நகைக்கடைத் தாளின்மேல் தாளாலேயே வெட்டி அமைத்து, நடுவில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டினேன். ஆறு வாரங்கள் கழிந்து மறுமொழி வந்தது. “உங்கள் அட்டையின் நடுவில் பசைத் தடம் மட்டும் ஒரு சிறு சதுரமாக இருக்கிறது. அங்கே இருந்தது என்ன? அது தெரியும்வரை, எங்கள் வீட்டு விறகிலிருந்து உரித்த வெண்பட்டை ஒன்றை அங்கே ஒட்டிச் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்த மஞ்சட் பூ எந்த மரத்தது?” என்று அவர் எழுதியிருந்தார்.

குறை என் பசையினது. அவசரத்தில் நடுவில் மட்டும் தடவி விட்டிருந்தேன். அதனினும் பெரிய குறை, பூவைப் பற்றிய வினாவிற்கு என்னிடம் விடையில்லாமை. ஒன்பது ஆண்டுகளாக நாளும் அம்மரத்தின் நிழலிற் சென்றவன் நான். அதன் பெயரை அறியேன். பள்ளிக் காவலரிடம் சென்று கேட்டேன். அவர் நகைத்து, “இயல்வாகை, ஐயா” என்றார். பின்லாந்து மூதாட்டி கேட்டிராவிடில், என் வாயிலில் நின்ற மரத்தின் பெயர் எனக்குத் தெரிந்தேயிராது. மறுநாளே மற்றொரு தீப்பெட்டிப் படத்தை ஓரம்வரை பசை தடவி ஒட்டி, மரத்தின் பெயரைத் தமிழெழுத்தில் பெரிதாக எழுதி, அதன் ஒலியையும் குறித்து அனுப்பினேன்.

இப்பழக்கத்தை மறுப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். “நொடியில் செய்தி செல்லும் கருவி கையிலிருக்க, வாரக்கணக்கில் காத்திருத்தல் அறிவுடைமையோ?” என்பர். விரைந்து சொல்ல வேண்டியதை விரைவுக் கருவியாற் சொல்லுக. அதில் எனக்கு மாறுபாடில்லை. நோயுற்றவர்க்கு மருத்துவரை அழைக்க அட்டை எழுதுவார் உண்டோ? ஆனால் எல்லாச் செய்தியும் விரைவை வேண்டி நிற்பதில்லை. நொடியில் வந்த செய்தி நொடியில் மறைகிறது. அட்டையோ சுவரில் இருக்கிறது. “வழியில் தொலைந்துவிடுமே” என்பர். சில தொலையும், அது மெய். தொலையலாம் என்று அறிந்தே அன்போடு செய்து அனுப்புதல், பலன் கருதாது செய்யும் சிறு செயலுக்கு நல்ல தொடக்கமாகும். “திறந்த அட்டையைக் கண்டவரெல்லாம் படிப்பரே” என்பர். முதல் அட்டை வந்த காலத்திலும் இக்குறை கூறப்பட்டது. எவர் படிப்பினும் நாணாத சொற்களையே எழுதுவது ஒரு நல்லொழுக்கமன்றோ?

“அறியாதவரோடு தொடர்பு கொள்வது தீங்காகாதோ?” என்னும் வினா மட்டும் புறக்கணிக்கத் தக்கதன்று. உலகில் நல்லோரே மிகுதி. ஆயினும் எல்லாரும் நல்லோர் அல்லர். ஆதலின் மாணவர் தம் வீட்டு முகவரியையோ, தொலைபேசி எண்ணையோ, தம் ஒளிப்படத்தையோ அனுப்புதல் கூடாது. பள்ளி முகவரியைப் பயன்படுத்துக. பெற்றோரும் ஆசிரியரும் அறியவே எழுதுக. தொடக்கத்தில் வேறொரு மாவட்டத்துப் பள்ளியின் வகுப்போடு, இரு ஆசிரியரும் முன்னின்று நடத்த, அட்டைகளை மாற்றிக்கொள்வது சாலச் சிறந்தது. கன்னியாகுமரிக் கடற்கரை மாணவனுக்குத் தருமபுரி மாணவியின் ஊர் எத்துணை புதியது! அறியாதவர் அயல்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னும் ஒன்று. அஞ்சல் எக்காலத்தும் இருக்கும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். டென்மார்க்கு நாட்டில் 1624 ஆம் ஆண்டு முதல் கடிதங்களைச் சுமந்துவந்த அரசு அஞ்சல், 2025 ஆம் ஆண்டின் இறுதியோடு அப்பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அந்நாட்டில் கடிதங்கள் கால் நூற்றாண்டிற்குள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்துபோனதே காரணம். நான்கு நூற்றாண்டு நின்ற மரம் நீரின்றிப் பட்டது போன்றது அது. நம் நாட்டிலோ ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன சிற்றூர்களில் இருக்கின்றன. மலையடிவாரத்துக் குடிசைக்கும் நடந்து செல்லும் அஞ்சற்காரர் நமக்கு இருக்கிறார். பயன்படுத்துவோர் இல்லையெனில் எந்தப் பெரிய அமைப்பும் நில்லாது. நாம் அனுப்பும் ஐந்தாறு அட்டைகள் அதனைக் காத்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆனால் இருக்கும்போதே ஒன்றன் பயனை அறிந்து துய்ப்பது, இழந்தபின் வருந்துவதினும் மேலானது.

ஆதலின் மாணவர்களே, இன்று மாலை வீட்டில் ஒரு சிறு பெட்டியை எடுத்து வையுங்கள். நிறத்தாலோ எழுத்தாலோ உங்கள் கண்ணைக் கவரும் தாள் எதுவாயினும் அதிற் சேருங்கள். வாரக் கடைசியில் அவற்றைத் திண்ணையிலோ தரையிலோ பரப்பி, உங்கள் ஊரைக் காணாத ஒருவர் இதில் எதைக் கண்டு வியப்பார் என்று எண்ணிப் பாருங்கள். வெட்டுங்கள்; ஒட்டுங்கள்; நான்கு வரிகள் உண்மையாக எழுதுங்கள். பசையை மட்டும் ஓரம்வரை தடவுங்கள். பின்பு தெருமுனையில் உள்ள சிவப்புப் பெட்டியில் அதனை இடுங்கள். உள்ளே அது விழும் ஓசை மெல்லியதே. எனினும், எங்கோ ஒரு வீட்டின் வாயிலில், தம் பெயரைக் கண்டு ஒருவர் முகம் மலரப் போகிறார் என்பதை அவ்வோசை உங்களுக்கு உணர்த்தும்.